ஃபாட்டாவில் சுதந்திரமாக இருந்தது யார்? ஒரு நிகழ்வு ஆய்வு

பாகிஸ்தான்–ஆப்கானிஸ்தான் எல்லையை ஒட்டி, வடக்கே பஜௌரில் தொடங்கித் தெற்கு வஜீரிஸ்தான் வரை நீளும் 27,220 சதுர கிலோமீட்டர் மலைநிலத்துக்கு 2018 மே மாதம் வரை ஃபாட்டா என்று பெயர். மத்திய அரசு நேரடியாக நிர்வகித்த பழங்குடிப் பகுதிகள். பஜௌர், மொஹ்மந்த், கைபர், ஒரக்சாய், குர்ரம், வடக்கு வஜீரிஸ்தான், தெற்கு வஜீரிஸ்தான் என்று 7 ஏஜென்சிகள், அவற்றுக்கும் சமவெளி மாவட்டங்களுக்கும் நடுவே 6 எல்லைப்புறத் துண்டுகள், 2017 கணக்கெடுப்பின்படி சுமார் 50 லட்சம் மக்கள், கிட்டத்தட்ட எல்லோருமே பஷ்தூன்கள்.

இந்தப் பகுதியைப் பற்றி யார் எழுதினாலும் "அரைத் தன்னாட்சி" என்ற அடைமொழி கூடவே வந்து ஒட்டிக்கொள்கிறது. யாருக்கும் அடங்காத குலங்கள், எந்த அரசும் நுழைய முடியாத பள்ளத்தாக்குகள், துப்பாக்கியோடு பிறந்து துப்பாக்கியோடு சாகும் ஆண்கள் என்று ஒரு சித்திரம் நூறு வருடமாக ஓடிக்கொண்டிருக்கிறது. அந்தச் சித்திரத்தை நம்பினால் அங்கே நடந்த எதுவுமே புரியாது என்பதுதான் என் வாதம். ஃபாட்டாவில் தன்னாட்சி இருந்தது உண்மை, ஆனால் அதை அனுபவித்தவர் ஒவ்வொரு ஏஜென்சியையும் ஆண்ட பொலிட்டிகல் ஏஜென்ட் என்ற ஒரே ஒரு அதிகாரி. வக்கீல், நீதிமன்றம், சட்டமன்றம், தணிக்கையாளர் என்று யாருடைய கேள்வியும் எட்டாத இடத்தில் அவர் உட்கார்ந்திருந்தார். குடிமக்களுக்குக் கிடைத்ததெல்லாம் அவருடைய தயவு மட்டுமே. இது எப்படி உண்டானது, எப்படி 117 வருடம் தாக்குப்பிடித்தது, கடைசியில் கலைத்தபோது ஏன் நிம்மதி வரவில்லை என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

எல்லை எப்படிப் போடப்பட்டது

1893 நவம்பரில் பிரிட்டிஷ் இந்தியாவின் வெளியுறவுச் செயலர் மார்டிமர் டூரண்டும் காபூல் அமீர் அப்துர் ரஹ்மான் கானும் கையெழுத்திட்டதுதான் டூரண்ட் கோடு. வரைபடத்தில் போட்ட கோடு அது. மொஹ்மந்துகளின் நிலத்தையும் வஜீர்களின் நிலத்தையும் நடுவே அறுத்துக்கொண்டு போனது, ஒரே குலத்தின் ஒரு கிளை இந்தப் பக்கமும் மறு கிளை அந்தப் பக்கமுமாக நின்றது. 1947-க்குப் பிறகு ஆப்கானிஸ்தானில் ஆட்சிக்கு வந்த யாரும், தாலிபான்கள் உட்பட, இந்தக் கோட்டை சர்வதேச எல்லையாக மனதார ஏற்றுக்கொண்டதில்லை.

ஆனால் ஃபாட்டாவைப் புரிந்துகொள்ள டூரண்ட் கோட்டைவிட முக்கியமானது அதற்கு உள்ளே இருந்த இன்னொரு கோடு. பெஷாவர், கோஹாட், பன்னு, தேரா இஸ்மாயில் கான் ஆகிய சமவெளி மாவட்டங்களில் பிரிட்டிஷார் நில வரி வாங்கினார்கள், காவல் நிலையம் வைத்தார்கள், நீதிமன்றம் நடத்தினார்கள். அந்த நிர்வாகக் கோட்டுக்கும் டூரண்ட் கோட்டுக்கும் இடைப்பட்ட மலைப்பட்டையில் வரியும் கிடையாது, போலீசும் கிடையாது. ரஷ்யப் பேரரசு மத்திய ஆசியாவில் இறங்கி வந்துகொண்டிருந்த காலம், அதனால் அந்தப் பட்டை லண்டனுக்கும் கல்கத்தாவுக்கும் ஒரு தடுப்புச்சுவராகத் தேவைப்பட்டது. சுவரை ஆள வேண்டிய அவசியம் இல்லை, அது நின்றால் போதும். 1901-இல் கர்சன் பிரபு பஞ்சாபிலிருந்து பிரித்து வடமேற்கு எல்லைப்புற மாகாணத்தை உருவாக்கினார், அதே ஆண்டில் எல்லைப்புறக் குற்ற ஒழுங்குமுறைச் சட்டமும் புது வடிவம் பெற்றது. எஃப்சிஆர் என்ற மூன்றெழுத்தில் அங்கே எல்லோருக்கும் தெரிந்த சட்டம் இதுதான். இனி வரும் கதை முழுக்க இந்தச் சட்டத்தின் கதைதான்.

எஃப்சிஆர் எப்படி வேலை செய்தது

1872-இல் முதல் வடிவம், 1887-இல் திருத்தம், 1901-இல் இறுதி வடிவம். பிரிட்டிஷார் சொன்ன காரணம், எல்லைப்புறத்தில் யாரும் சாட்சி சொல்ல வருவதில்லை, வழக்கமான நீதிமன்றத்தில் குற்றம் நிரூபணம் ஆவதில்லை என்பது. ஆகவே வழக்கை ஊர்ப் பெரியவர்களின் ஜிர்காவிடம் விடலாம் என்றார்கள். கேட்பதற்கு நியாயமாகத்தான் படும். பஷ்தூன்களிடம் ஜிர்கா என்ற சபை பல நூற்றாண்டுகளாக இருக்கிறது, வட்டமாக உட்கார்ந்து பேசி எல்லோரும் ஒத்துக்கொண்ட பிறகுதான் முடிவெடுப்பார்கள்.

சட்டத்துக்குள் வந்த ஜிர்கா அதுவல்ல. அதன் உறுப்பினர்களை நியமிப்பவர் பொலிட்டிகல் ஏஜென்ட். எந்த வழக்கை அனுப்புவது என்று முடிவெடுப்பவரும் அவரே. ஜிர்கா சொன்னதை அவர் ஏற்கலாம், திருப்பி அனுப்பலாம், தள்ளிவிட்டு வேறு ஜிர்காவைக் கூட்டலாம். தண்டனை 14 ஆண்டுச் சிறை வரை போகலாம். மேல்முறையீடு கிடையாது, ஆணையரிடம் மறுபரிசீலனை கேட்கலாம், அவ்வளவுதான். நிர்வாகி, புலனாய்வாளர், அரசு வழக்கறிஞர், நீதிபதி என்ற நான்கு வேலையும் ஒரே ஆளிடம் இருந்தன. 40-ஆம் பிரிவு இன்னும் ஒரு படி மேலே போனது. ஒருவர் குற்றம் செய்யக்கூடும் என்று தோன்றினாலே நன்னடத்தைப் பிணை கேட்கலாம், பிணை கொடுக்க முடியாதவரை 3 ஆண்டுகள் வரை உள்ளே வைக்கலாம்.

இவை எல்லாவற்றையும்விடக் கொடியது கூட்டுப் பொறுப்பு. 21-இலிருந்து 24 வரையிலான பிரிவுகள். இது எப்படி நடக்கும் என்று நடைமுறையில் பாருங்கள். மலைச்சாலையில் ஓர் அரசு வாகனம் சுடப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். சுட்டது யார் என்று ஏஜென்ட் தேட மாட்டார், அந்தச் சாலைத்துண்டு எந்தக் குலத்தின் எந்தக் கிளைக்குச் சேர்ந்தது என்றுதான் பார்ப்பார். அந்தக் கிளையின் மாலிக்குகளை, அதாவது தலைவர்களை அழைத்து ஆளை ஒப்படையுங்கள் என்பார். ஒப்படைக்காவிட்டால் முதலில் கிளைக்கு அரசு கொடுக்கும் முவாஜிப் என்ற உதவித்தொகை நிற்கும். அப்புறம் பராம்தா. அந்தக் கிளையைச் சேர்ந்தவன் என்ற ஒரே காரணத்துக்காகப் பன்னு சந்தையில் காய்கறி விற்கிறவனைப் பிடிப்பார்கள், டாங்க் நகரத்தில் நிற்கும் லாரியைப் பறிமுதல் செய்வார்கள், கடைக்குச் சீல் வைப்பார்கள். அதற்கும் மசியவில்லை என்றால் கிளை முழுவதையும் சமவெளிக்கு வரவிடாமல் முற்றுகை, அபராதம், கடைசியில் வீடுகளை இடிப்பது. பெண்களும் குழந்தைகளும் சிறைக்குப் போயிருக்கிறார்கள். சுட்டவனை வாழ்நாளில் பார்த்தே இராத மனிதர் அவனுக்காக மாதக்கணக்கில் உள்ளே கிடப்பார்.

பிறந்த கூட்டத்தை வைத்துக் குற்றவாளியைத் தீர்மானிக்கும் இந்த முறை நமக்குப் புதிதல்ல. எஃப்சிஆர் வருவதற்கு ஓராண்டு முன்புதான், 1871-இல், குற்றப் பரம்பரைச் சட்டத்தைப் பிரிட்டிஷார் கொண்டுவந்தார்கள், பின்னாளில் அது மதுரைப் பக்கம் வந்து கைரேகைச் சட்டம் என்று பெயர் வாங்கியதும் 1920-இல் பெருங்காமநல்லூரில் துப்பாக்கிச்சூடு நடந்ததும் நாம் அறிந்தவை. அந்தச் சட்டம் இந்தியாவில் சுதந்திரத்துக்குப் பிறகு சில ஆண்டுகளிலேயே ஒழிந்தது. எஃப்சிஆர் 2018 வரை இருந்தது.

மாலிக் என்பவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். குலத்தின் தலைவர் என்று பொதுவாக எழுதுகிறார்கள். முவாஜிப் கிளைக்குப் போகும், லுங்கி என்ற தனிப்பட்ட மானியம் அவர் கைக்கே வரும். அந்தப் பட்டத்தை ஏஜென்ட் கொடுக்கலாம், நிறுத்தலாம், பெரும்பாலும் தந்தைக்குப் பின் மகனுக்குப் போகும். சாலையைக் காக்கும் காசாதார் படையில் ஆள் சேர்ப்பதும் குலவாரியான பங்குதான், அரசு சம்பளம் தரும், ஆள் தன் சொந்தத் துப்பாக்கியோடு வருவான். ஏஜென்சிக்குள் வரும் மாவு முதல் சிமெண்ட் வரை எல்லாவற்றுக்கும் அனுமதிச்சீட்டு உண்டு, அதன்மேல் சுங்கம் உண்டு, அந்தப் பணம் ஏஜென்சி நிதிக்குப் போகும், யாரும் கணக்குக் கேட்க மாட்டார்கள். ஆக, மக்களை ஏஜென்ட் நேரடியாக ஆளவில்லை. மாலிக்குகள் வழியாக ஆண்டார், அவர்களைப் பணத்தால் ஆண்டார்.

இந்த ஏற்பாட்டால் அமைதியாவது வந்ததா என்றால், வரவில்லை. 1919-இல் மூன்றாம் ஆப்கன் போர் தொடங்கியதும் வஜீரிஸ்தான் எழுந்தது. 1936-க்குப் பிறகு இப்பியின் ஃபக்கீர் என்று அறியப்பட்ட மிர்சா அலி கானை அடக்க ஏறக்குறைய 40,000 துருப்புகளை இறக்கினார்கள், விமானத்திலிருந்து குண்டு போட்டார்கள். அவர் பிடிபடவே இல்லை, 1960-இல் அவருடைய மலையிலேயே இயற்கையாக இறந்தார்.

1947-க்குப் பிறகும் அதே நாற்காலி

பாகிஸ்தான் பிறந்ததும் ஜின்னா ஒரு துணிச்சலான முடிவெடுத்தார். வஜீரிஸ்தானில் பிரிட்டிஷார் நிறுத்தியிருந்த ராணுவத்தைத் திரும்ப அழைத்துக்கொண்டார், ராஸ்மாக் முகாம் காலியானது. குலங்கள் புதிய நாட்டோடு சேரச் சம்மதித்தன, பழைய மானியங்கள் தொடரும் என்ற உறுதி கிடைத்தது. அக்டோபரில் அவர்களுடைய லஷ்கர்கள் என்ற ஆயுதக் கூட்டங்கள் காஷ்மீருக்குள் போன கதையும் அதன் விளைவும் தனியாக எழுத வேண்டியவை. 1948 ஏப்ரலில் பெஷாவரில் ஜின்னா பழங்குடி ஜிர்காவில் பேசினார்.

எல்லாம் சரி. ஆனால் ராணுவத்தை எடுத்தவர்கள் எஃப்சிஆரை எடுக்கவில்லை. ஏஜென்ட் வெள்ளைக்காரராக இருந்த இடத்தில் பாகிஸ்தானி வந்து உட்கார்ந்தார். 1954-இலேயே கூட்டாட்சி நீதிமன்றத்தில் நீதிபதி கார்னீலியஸ் இந்தச் சட்டம் நீதி வழங்குவதற்கான நவீனக் கோட்பாடுகள் எல்லாவற்றுக்கும் அருவருப்பானது என்ற பொருளில் எழுதிவிட்டார். அதற்குப் பிறகும் 64 வருடம்.

1973 அரசியல் சாசனம் இதை மாற்றியிருக்கலாம். மாற்றவில்லை, பூட்டு போட்டது. 247-ஆம் பிரிவின்படி குடியரசுத் தலைவர் உத்தரவிட்டால் தவிர நாடாளுமன்றச் சட்டம் எதுவும் ஃபாட்டாவுக்குப் பொருந்தாது, உச்ச நீதிமன்றத்துக்கோ உயர் நீதிமன்றத்துக்கோ அங்கே அதிகாரம் இல்லை. அடிப்படை உரிமைகள் காகிதத்தில் உண்டு, அவற்றைக் கேட்டு வழக்குப் போட இடம் இல்லை. தேசிய அவையில் ஃபாட்டாவுக்கு 12 உறுப்பினர்கள், செனட்டில் 8 பேர். கராச்சிக்கும் லாகூருக்கும் சட்டம் போடும்போது அவர்கள் வாக்களிக்கலாம், தங்களைத் தேர்ந்தெடுத்த ஊருக்கு ஒரு சட்டம்கூடப் போட முடியாது. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம்தான் வருகிறது.

தேர்ந்தெடுத்தார்கள் என்று சொன்னதுகூடச் சரியில்லை. 1996 டிசம்பர் வரை வாக்குரிமை மாலிக்குகளுக்கு மட்டும்தான், சுமார் 35,000 பேர். பாகிஸ்தானின் மற்ற இடங்களில் 1970-லேயே வந்துவிட்ட வயதுவந்தோர் வாக்குரிமை இங்கே 1997 தேர்தலில்தான் வந்தது, அதுவும் கட்சிகள் இல்லாமல். பிரச்சாரம் செய்யக் கட்சிகளுக்குத் தடை, மசூதிக்கும் மதரசாவுக்கும் தடை இல்லை. ஆகவே அந்தக் காலம் முழுவதும் அரசியல் பேச இருந்த ஒரே மேடை மௌல்விகளின் மேடை. 2011-இல் அந்தத் தடை நீங்கி 2013-இல்தான் முதல் கட்சித் தேர்தல். அந்தத் தேர்தலில் பஜௌரிலிருந்து பாதாம் ஜரி என்ற பெண் சுயேச்சையாக நின்றார், ஃபாட்டாவிலிருந்து தேசிய அவைக்குப் போட்டியிட்ட முதல் பெண் அவர். 1998 கணக்கெடுப்பில் பெண்களின் எழுத்தறிவு 3 சதவீதம் என்று பதிவான இடம் அது என்பதை நினைவில் வைத்துப் பாருங்கள்.

மாலிக்குகள் விழுந்தபோது

1979-இல் சோவியத் படை ஆப்கானிஸ்தானில் இறங்கியது. பத்து வருடம் ஃபாட்டா முஜாஹிதீன்களின் பின்வாசலாக இருந்தது. ஆயுதம், பணம், அகதிகள், வெளிநாட்டுப் போராளிகள் எல்லாம் அந்த வழியாகத்தான் போய் வந்தன. மாலிக்கின் லுங்கியைவிடப் பெரிய பணம் வேறு கைகளுக்கு வந்தது. ஏஜென்ட் நடத்திய கணக்கு அப்போதே ஆட்டம் காணத் தொடங்கிவிட்டது.

2001-க்குப் பின் அல்-கொய்தாவும் தாலிபான்களும் எல்லையைத் தாண்டி வந்தார்கள், 2002-இல் பாகிஸ்தான் ராணுவம் ஃபாட்டாவுக்குள் நுழைந்தது. 2004 மார்ச்சில் வானா அருகே நடந்த நடவடிக்கை கைமீறிப் போய், ஏப்ரலில் ஷகாய் என்ற இடத்தில் ராணுவத் தளபதி நேரடியாக நேக் முஹம்மது என்ற இளம் போராளியோடு உடன்படிக்கை செய்துகொண்டார், மாலை மரியாதையோடு. அதுவரை அரசு எதைப் பேசினாலும் மாலிக் வழியாகத்தான் பேசும். முதல் முறையாக மாலிக்கை ஓரமாக உட்காரவைத்துவிட்டுத் துப்பாக்கி வைத்திருக்கிற பையனோடு அரசு கைகுலுக்கியது. இனி யாருக்கு மரியாதை என்பது குலங்களுக்கு அன்றே புரிந்துவிட்டது. ஜூனில் நேக் முஹம்மது ட்ரோன் தாக்குதலில் இறந்தார், பாகிஸ்தான் மண்ணில் அமெரிக்கா நடத்திய முதல் ட்ரோன் தாக்குதல் அது. ஆனால் 2005-இல் பைத்துல்லா மெஹ்சூத் என்ற இன்னொரு போராளித் தலைவரோடு உடன்படிக்கை, 2006-இல் மிரான்ஷாவில் இன்னொன்று. 2007 டிசம்பரில் பாகிஸ்தான் தாலிபான் இயக்கம் முறையாக உருவானது. இதற்கு நடுவே மாலிக்குகள் ஒவ்வொருவராகக் கொல்லப்பட்டார்கள், நூற்றுக்கணக்கில். ஜிர்கா கூடும் இடத்தில் தற்கொலைக் குண்டு வெடிக்க ஆரம்பித்தது.

மக்கள் இரண்டு பக்கமும் மாட்டிக்கொண்டார்கள். தாலிபானுக்குச் சோறு போடவில்லை என்றால் தாலிபான் கொல்லும், போட்டால் கூட்டுப் பொறுப்பு. 2008 ஜனவரியில் தெற்கு வஜீரிஸ்தானின் ஸ்பின்காய் ஊரை ராணுவம் கைப்பற்றியபோது மக்கள் ஏற்கெனவே வெளியேறியிருந்தார்கள், சந்தையும் வீடுகளும் இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டன. 1901-இன் சட்டத்தை 2008-இல் புல்டோசரை வைத்து நிறைவேற்றினார்கள்.

2011 மார்ச் 17-ஐ மட்டும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். வடக்கு வஜீரிஸ்தானில் தத்தா கேல் என்ற ஊர். ஒரு குரோமைட் சுரங்கம் யாருக்குச் சொந்தம் என்று இரண்டு தரப்புக்குள் தகராறு. நீதிமன்றம் இல்லாத ஊரில் செய்யக்கூடிய ஒரே காரியத்தைச் செய்தார்கள், பெரியவர்களைக் கூட்டி ஜிர்கா வைத்தார்கள். திறந்தவெளியில் வட்டமாக உட்கார்ந்தார்கள், அரசிடம் சம்பளம் வாங்கும் மாலிக்குகளும் காசாதார்களும் அதில் இருந்தார்கள், கூட்டம் நடக்கப்போவதை உள்ளூர் ராணுவத்திடம் முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். பேசிக்கொண்டிருக்கும்போது ட்ரோன் ஏவுகணைகள் விழுந்தன. சுமார் 40 பேர் இறந்தார்கள். இறந்தவர்கள் போராளிகள் என்று அமெரிக்க அதிகாரிகள் சொன்னார்கள். பாகிஸ்தான் ராணுவத் தலைமைத் தளபதி கயானி வெளிப்படையாகக் கண்டித்தார். 2013-இல் பெஷாவர் உயர் நீதிமன்றம் ட்ரோன் தாக்குதல்கள் சட்டவிரோதம் என்று தீர்ப்பும் சொன்னது. தத்தா கேலில் பெரியவர் என்று கூப்பிட ஆளில்லாத வீடுகள் மிஞ்சின. ஒரே நாளில் ஒரு வட்டாரத்தின் பஞ்சாயத்து செய்யத் தெரிந்த தலைமுறையே போய்விட்டது. இந்தச் சேதத்தை எண்ணிக்கையில் அடக்க முடியாது.

2011 ஆகஸ்டில் எஃப்சிஆரில் சில திருத்தங்கள் வந்தன. பெண்களும் 16 வயதுக்குக் கீழானவர்களும் 65 வயதுக்கு மேற்பட்டவர்களும் கூட்டுப் பொறுப்பிலிருந்து விடுபட்டார்கள், கைதானவரை 24 மணி நேரத்துக்குள் அதிகாரி முன் நிறுத்த வேண்டும் என்றானது, ஒரு தீர்ப்பாயம் அமைந்தது. வரவேற்க வேண்டிய மாற்றம்தான். ஆனால் 17 வயதுப் பையன் இன்னமும் தன் ஒன்றுவிட்ட சித்தப்பா மகனுக்காகச் சிறைக்குப் போகலாம். 2014 ஜூனில் வடக்கு வஜீரிஸ்தானில் பெரும் ராணுவ நடவடிக்கை, சுமார் 10 லட்சம் பேர் வீட்டை விட்டு வெளியேறினார்கள், பெரும்பாலோர் பன்னுவுக்கு.

இரண்டு நாளில் ஓர் அரசியல் சாசனத் திருத்தம்

2014 டிசம்பர் 16-இல் பெஷாவர் ராணுவப் பள்ளியில் குழந்தைகள் கொல்லப்பட்ட பிறகுதான் இஸ்லாமாபாத்துக்கு ஃபாட்டா அவசரமானது. 2015 நவம்பரில் சர்தாஜ் அஜீஸ் தலைமையில் குழு, 2016-இல் அறிக்கை, 2017 மார்ச்சில் அமைச்சரவை ஒப்புதல். கைபர் பக்துன்க்வா மாகாணத்தோடு, அதாவது பழைய வடமேற்கு எல்லைப்புற மாகாணத்தோடு, படிப்படியாக இணைக்கலாம் என்பது பரிந்துரை. ஃபஸ்லுர் ரஹ்மான், மஹ்மூத் கான் அசக்சாய் என்ற இரண்டு கட்சித் தலைவர்கள் எதிர்த்தார்கள், மக்களைக் கேட்காமல் செய்யக்கூடாது என்றார்கள். அவர்களுடைய அரசியல் கணக்கு எதுவாக இருந்தாலும், மக்களைக் கேட்க வேண்டும் என்ற பகுதியில் நியாயம் இருந்தது. அப்புறம் அந்தக் கோப்பு ஒரு வருடம் தூங்கியது.

தூக்கத்தைக் கலைத்தது 2018 ஜனவரி. நகீபுல்லா மெஹ்சூத் என்ற வஜீரிஸ்தான் இளைஞர் கராச்சியில் போலி மோதலில் சுட்டுக் கொல்லப்பட்டார். மன்சூர் பஷ்தீன் என்ற இருபதுகளில் இருந்த இளைஞரின் தலைமையில் இஸ்லாமாபாத்தில் பெரும் தர்ணா, பஷ்தூன் தஹஃபுஸ் (பாதுகாப்பு) இயக்கம் அதிலிருந்து எழுந்தது. அவர்கள் கேட்டவை மிக எளிமையானவை. கண்ணிவெடிகளை அகற்றுங்கள், சோதனைச் சாவடியில் எங்களை அவமானப்படுத்தாதீர்கள், காணாமல் போனவர்களை நீதிமன்றத்தில் நிறுத்துங்கள். தன்னாட்சி வேண்டும் என்று அவர்கள் கேட்கவில்லை. நாட்டின் மற்ற குடிமக்களுக்கு உள்ள சட்டம் எங்களுக்கும் வேண்டும் என்றார்கள்.

நாடாளுமன்றத்தின் ஆயுள் முடிய ஒரு வாரம் இருக்கும்போது, மே 24 தேசிய அவை, மே 25 செனட், மே 27 மாகாண அவை, மே 31 குடியரசுத் தலைவர் மம்னூன் ஹுசைனின் கையெழுத்து. 25-ஆம் திருத்தம் வந்தது, 247-ஆம் பிரிவு போனது, ஏஜென்சிகள் மாவட்டங்கள் ஆயின. தேசிய அவையில் 12 இடம் 6 ஆகக் குறைந்தது, மாகாண அவையில் புதிதாக 21 இடங்கள் கிடைத்தன, 2019 ஜூலை 20-இல் அதற்கு முதல் தேர்தல் நடந்தது.

எஃப்சிஆருக்குப் பதிலாக உடனே கொண்டுவந்த இடைக்கால ஒழுங்குமுறை பெரும்பாலும் எஃப்சிஆரேதான், பொலிட்டிகல் ஏஜென்ட் என்று இருந்த இடத்தில் துணை ஆணையர் என்று மாற்றியிருந்தார்கள். பெஷாவர் உயர் நீதிமன்றம் அக்டோபரில் அதைச் செல்லாது என்று அடித்துவிட்டது, 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே சொன்னது. மார்ச்சில் நீதிபதிகள் நியமிக்கப்பட்டார்கள், ஆனால் உட்காரக் கட்டடம் இல்லாமல் சிலர் பக்கத்துச் சமவெளி மாவட்டங்களில் உட்கார்ந்தார்கள். தெற்கு வஜீரிஸ்தான்காரர் வழக்குப் போட டாங்க் வரை இறங்க வேண்டியிருந்தது. சுமார் 28,000 காசாதார்களும் லெவி என்ற இன்னொரு உள்ளூர்ப் படையின் வீரர்களும் ஒரே உத்தரவில் போலீஸ் ஆனார்கள். எஃப்ஐஆர் எழுதுவது எப்படி என்று அவர்களுக்கு யாரும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை, நேற்றுவரை அவர்கள் வேலை சாலையில் நிற்பது.

பணமும் வரவில்லை. ஆண்டுக்கு 10,000 கோடி ரூபாய் வீதம் 10 ஆண்டுகள் என்றார்கள், தேசிய வருவாய்ப் பகிர்வில் 3 சதவீதம் என்றார்கள். மற்ற மாகாணங்கள் தங்கள் பங்கை விட்டுக்கொடுக்க முன்வரவில்லை, சொன்ன தொகை வந்து சேரவில்லை என்று கைபர் பக்துன்க்வா அரசு வருடா வருடம் புகார் சொல்கிறது. 2021-இல் காபூல் தாலிபான் வசம் போன பிறகு பாகிஸ்தான் தாலிபான்கள் திரும்பி வந்தார்கள். 2024 அக்டோபரில் பஷ்தூன் தஹஃபுஸ் இயக்கத்தை அரசு தடை செய்தது. ஆயுதம் எடுக்காமல் சாசனத்தைப் பேசிய இயக்கத்துக்கு அந்தக் கதி.

குர்ரம் சாலை

இணைப்பு ஏன் வேலை செய்யவில்லை என்று கேட்பவர்களுக்கு நான் காட்டும் இடம் குர்ரம். ஆப்கானிஸ்தானுக்குள் மூக்கு நீட்டிக்கொண்டிருக்கும் பள்ளத்தாக்கு, மேல் குர்ரத்தில் ஷியாக்களான தூரி குலம், கீழேயும் சுற்றிலும் சன்னி குலங்கள். தலைநகர் பாராசினாரை வெளியுலகத்தோடு இணைப்பது தல் என்ற ஊர் வரை இறங்கும் ஒரே சாலை. 2007-இல் கலவரம் வெடித்தபோது அந்தச் சாலை வருடக்கணக்கில் அடைபட்டது, பாராசினார்க்காரர்கள் பெஷாவர் போக ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்து காபூல் சுற்றித் தோர்காம் எல்லைச் சாவடி வழியாக வந்தார்கள்.

வெளியே பார்ப்பவர்களுக்கு இது மதச் சண்டை. மதம் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் 2023-லும் 2024 ஜூலையிலும் தீ பற்றியது போஷெஹ்ரா என்ற ஊரில், ஒரு நிலத் தகராறில். நிலம் யாருடையது என்று முடிவெடுத்து, அந்த முடிவை அமல்படுத்தவும் செய்கிற அமைப்பு ஒன்று இருந்திருந்தால் அது ஒரு சிவில் வழக்காக முடிந்திருக்கும். மற்ற இணைப்பு மாவட்டங்களில் பெரும்பகுதிக்கு நில அளவைப் பதிவே கிடையாது. பழைய முறையில் ஏஜென்ட் இரண்டு பக்க மாலிக்குகளையும் உள்ளே வைத்துச் சண்டையை அமுக்குவார். அது நீதி இல்லை, ஆனால் துப்பாக்கி ஓயும். புதிய முறையில் அந்த அதிகாரம் போய்விட்டது, அதற்குப் பதிலாக வர வேண்டிய வருவாய் ஆவணமும் நீதிமன்றமும் போலீசும் வரவில்லை.

2024 நவம்பர் 21-இல் ஷியாப் பயணிகளை ஏற்றிக்கொண்டு போலீஸ் பாதுகாப்போடு போன வாகன வரிசைமீது சுட்டார்கள், 40-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், பெண்களும் குழந்தைகளும் அதில் உண்டு. மறுநாள் சன்னிகள் வாழும் பகன் என்ற ஊரின் சந்தை எரிந்தது. அடுத்த சில வாரங்களில் பலி எண்ணிக்கை நூற்றைத் தாண்டியது. சாலை மூடிக்கிடந்தது, பாராசினார் மருத்துவமனையில் மருந்து தீர்ந்தது, குழந்தைகள் இறந்தார்கள், ஹெலிகாப்டரில் மருந்து கொண்டுபோனார்கள். அப்போது மாகாண அரசு என்ன செய்தது? கோஹாட்டில் பெருஞ்ஜிர்காவைக் கூட்டியது. வாரக்கணக்கில் பேசி 2025 ஜனவரி 1-இல் 14 அம்ச உடன்பாடு. கனரக ஆயுதங்களை ஒப்படைப்பது, பதுங்குகுழிகளை இடிப்பது. மூன்றே நாளில் பகன் அருகே துணை ஆணையரே சுடப்பட்டுக் காயமடைந்தார்.

ஜிர்கா கூடியதைக் குறை சொல்ல மாட்டேன், அந்த நேரத்தில் வேறு வழி இருக்கவில்லை. ஆனால் இதைக் காட்டி இணைப்பே தவறு, பழைய முறைக்கே போகலாம் என்று இஸ்லாமாபாத்தில் ஒரு குரல் எழுந்திருக்கிறது, ஜிர்கா முறையை மீட்பது பற்றி ஆராய 2025-இல் மத்திய அரசு ஒரு குழுவையும் அமைத்தது. அந்தக் குழுவிடம் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்றுதான். ஜிர்கா உறுப்பினர்களை யார் நியமிப்பார்கள், துணை ஆணையரா, இரண்டு தரப்பு மக்களுமா? ஜிர்கா சொன்னதை எதிர்த்து உயர் நீதிமன்றம் போக முடியுமா? ஒருவர் செய்ததற்கு அவருடைய குலம் அபராதம் கட்டுமா? முதல் கேள்விக்குத் துணை ஆணையர், இரண்டாவதற்கு முடியாது, மூன்றாவதற்கு ஆம் என்று பதில் வந்தால், வருவது ஜிர்கா அல்ல, எஃப்சிஆர். இணைப்பு மாவட்டங்களின் வழக்கறிஞர்களும் மாணவர்களும் இதை எதிர்ப்பது பெரியவர்கள்மீது மரியாதை இல்லாததால் அல்ல. நில அளவையை முடியுங்கள், நீதிபதியை மாவட்டத்தின் தலைநகரிலேயே உட்காரவையுங்கள், காசாதாருக்குப் பயிற்சி கொடுங்கள், ஒப்புக்கொண்ட 3 சதவீதத்தைக் கொடுங்கள் என்றுதான் அவர்கள் 2018-லிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.